கண்டெடுக்கப்பட்டவன் என்று ஒரு பெயர்

லெபெதினோ கிராமத்தில் யார் செத்தாலும் சவப்பெட்டியின் தலைமாட்டு இடது மூலை நைத்யோனுக்குத்தான். யாரும் அவனிடம் வந்து கேட்பதில்லை. சாவுச் செய்தி காதில் விழுந்ததும் அவனே கையுறைகளை அடுப்பின் மேல் காயப்போட்டுவிட்டுக் காத்திருப்பான்.

அந்த ஊரில் ரத்த உறவுக்காரர்கள் பெட்டியைத் தூக்கக் கூடாது. பெற்ற பிள்ளை தோள் கொடுத்தால், தனியாகப் போக மனம் வராமல் செத்தவர் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயம். மகனும் மகளும் பெட்டிக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்து வர வேண்டியதுதான். ஊரே மாமன் மச்சான் என்று பின்னிக் கிடக்கும் இடத்தில் தூக்குவதற்கு ஆள் தேடுவது லேசான காரியமில்லை. ஒவ்வொரு சாவிலும் யாரோ ஒருவர் "நான் ஒண்ணுவிட்ட தம்பி, எனக்கு ஆகாது" என்று பின்வாங்குவார். நைத்யோன் ஒருவனுக்கு மட்டும் எந்தப் பெட்டியும் ஆகும். அவன் யாருக்கும் எதுவும் இல்லை.

அதை அவன் பெயரே சொல்லியது. நைத்யோன் என்றால் கண்டெடுக்கப்பட்டவன். முன்னொரு காலத்தில் அந்தக் குளிர்நாட்டின் வடபகுதியில் அப்படிப்பட்ட பெயர்கள் உண்டாம். எதிர்பாராதவன், வேண்டிப் பெற்றவன், மூன்றாமவன் என்றெல்லாம் வைத்தார்களாம். பிறகு தேவாலயங்கள் வந்தன, புனிதர்களின் பெயர்கள் வந்தன, பழைய பெயர்கள் குடும்பப் பெயர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டன. லெபெதினோவில் எல்லோருக்கும் ஒரு புனிதர் இருந்தார். அந்தப் புனிதரின் நாள் வந்தால் வீட்டில் மீன் வைத்த ரொட்டி சுடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தேநீர் குடிப்பார்கள். நைத்யோனுக்குப் புனிதர் கிடையாது. அதனால் பெயர் நாளும் கிடையாது. மற்றவர்கள் வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, திருப்பி அழைக்க ஒரு நாள் இல்லாமலேயே அவன் வளர்ந்தான்.

பள்ளியில் கேலி செய்தார்கள். "நைத்யோன், உன்னை எங்கடா எடுத்தாங்க? முட்டைக்கோசுக்கு அடியிலயா, மாட்டுச் சாணியிலயா?" படையில் சேர்ந்தபோது பெயர் வாசித்த அதிகாரி தலையை நிமிர்த்தி, "உன்னைத் தொலைச்சவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லு, திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதை அதற்குள் கற்றிருந்தான்.

சிறு வயதில் ஒரே ஒருமுறை அம்மாவிடம் கேட்டான். எவ்ஸ்தோலியா அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, என்னை எங்க கண்டெடுத்தீங்க?"

"வேலியோரம்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

"எந்த வேலி?"

"ஷிலெகாவுல. பழைய ஊர்ல. போ, விறகு எடுத்துட்டு வா."

அவ்வளவுதான். ஷிலெகா ஆற்றின் மேல்பக்கம், காட்டுக்குள் இருந்த ஊர். அரசாங்கம் அதைக் கலைத்துவிட்டுக் குடிகளை அங்கும் இங்குமாகப் பிரித்து அனுப்பியபோது நைத்யோன் கைக்குழந்தை. லெபெதினோவுக்கு வந்த ஒரே ஷிலெகாக் குடும்பம் அவர்களுடையது. அம்மா சொன்னதைத் தாண்டி யாருக்கும் எதுவும் தெரியாது. அம்மா எதையும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் குழந்தையைக் கொஞ்ச வந்தவர்களிடம், "எங்கதில்ல, கண்டெடுத்தது" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

லெபெதினோவுக்கு வந்த பிறகு லீதா பிறந்தாள். லீதாவை அம்மா "மகளே" என்று கூப்பிடுவாள். "மகளே, தொப்பி போட்டுக்கோ." "மகளே, சூப்பு ஆறுது." நைத்யோனை நைத்யோன் என்றுதான் கூப்பிடுவாள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ரொட்டியில் பெரிய துண்டு அவனுக்குத்தான் வரும். காய்ச்சல் வந்தால் அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கைகளை மட்டும் தன் மடிக்குள் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டு.

அப்பா அர்செனி வெட்டுமரம் உருண்டு செத்தபோது நைத்யோன் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான். லீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய் நின்ற அம்மா, அவனும் பக்கத்தில் வந்து நின்றதும் வெடுக்கென்று சொன்னாள். "நீ இங்க நிக்காத. முன்னாடி போ. ஊர்ப் பசங்களோட கிளை போடு." அங்கே சவ ஊர்வலத்துக்கு முன்னால் ஊசியிலைக் கிளைகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே போவார்கள். அது யார் வீட்டுப் பிள்ளையும் செய்யும் வேலை. அவன் கிளை போட்டுக்கொண்டே போனான். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிய மனிதனைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. கை நிறையப் பிசின் ஒட்டியிருந்தது. பல நாள் போகவில்லை.

பெரியவனானதும் அவனுக்கு ஆற்றில் வேலை கிடைத்தது. கோடையில் படகு ஓட்ட வேண்டும். குளிர்காலத்தில் ஆறு இறுகியதும் பனிக்கட்டி எங்கே கனமாக இருக்கிறது என்று துளைபோட்டுப் பார்த்து, அக்கரை வரைக்கும் பாதை குறிக்க வேண்டும். பாதையின் இரண்டு பக்கமும் சின்ன ஊசியிலைக் கன்றுகளை வெட்டி நட்டுக்கொண்டே போவான். பனிப்புயலில் வானமும் தரையும் ஒன்றாகிவிட்டால் அந்தக் கன்றுகளைப் பிடித்துத்தான் மனிதர்கள் கரை சேர்வார்கள். காற்றில் சாய்ந்தவற்றை மறுநாள் போய் நிமிர்த்துவான். அந்த வேலையில் பேச்சுக்கு இடமில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது என்று ஊரார் சொன்னார்கள். பிடித்திருந்ததா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒருத்திதான் கேட்டாள். ரிம்மா ஊர் மருத்துவக் குடிலுக்குச் செவிலியாக வந்தவள். முதல் குளிர்காலத்தில் அக்கரை நோயாளிகளைப் பார்க்க அவனோடுதான் பனியில் நடந்து போவாள்.

"இப்படித் தனியா நடுறியே, உனக்குப் பயமா இல்லயா?"

"எதுக்குப் பயம்?"

"விழுந்துட்டா தேடறதுக்கு ஆள் வேணாமா?"

"கண்டெடுக்கறவங்க எடுப்பாங்க. எனக்குப் பழக்கம்தானே."

அவள் அந்தக் கேலிக்குச் சிரிக்கவில்லை. அதனாலேயே அவளை அவனுக்குப் பிடித்தது. இரண்டு குளிர்காலம் அப்படி நடந்தார்கள். பிறகு ஒரு வசந்தத்தில், பனி இளகித் தண்ணீர் மேலேறிக்கொண்டிருந்தபோது, அவளே கேட்டாள். "என்னைக் கட்டிக்கிறியா, இல்ல இன்னும் யோசிக்கணுமா?"

அவன் யோசித்தான். அந்த நாட்டில் பிள்ளையின் பெயரோடு அப்பாவின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். அவனே காகிதங்களில் அர்செனியின் மகன் நைத்யோன் என்றுதான் இருந்தான். அந்த அர்செனி தனக்கு இரவல் என்று அவன் நம்பினான். தன் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனாலும், எந்த அலுவலகத்தில் நின்றாலும், நைத்யோனின் மகன் என்று அழைக்கப்படும். கண்டெடுக்கப்பட்டவனின் மகன். யார் கண்டெடுத்தது, யார் போட்டது என்று ஒவ்வொரு வாயும் கேட்கும்.

"எனக்குப் பின்னால யாரும் இல்ல ரிம்மா. என்ன ரத்தம்னே தெரியாது."

"ரத்தத்தைத் தினமும் நான் ஊசியில எடுத்துப் பாக்கறேன். எல்லாம் ஒரே சிவப்புதான்."

ஆறு இளகித் திறந்து, மறுபடி உறைந்து மூடும்வரை அவன் சரியென்று சொல்லவில்லை. அவள் டிராக்டர் ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சேதி கேட்ட அன்று அம்மா கையிலிருந்த தட்டை அடுப்பில் எறிந்து உடைத்தாள்.

"ஏண்டா இப்படிப் பண்ண? ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்க உனக்கு என்ன கேடு?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே பாட்டுதான். கல்யாணம் பண்ணு, கல்யாணம் பண்ணு. விதவையானால் என்ன, பிள்ளையோடு வந்தால் என்ன, யாரையாவது கூட்டி வா. கண்டெடுத்த சுமையை இறக்கி வைக்க அவள் அவசரப்படுகிறாள் என்றே அவன் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு, போகாமல் அங்கேயே இருந்தான். லீதா படிக்க நகரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர், ஒருவர் அடுப்புக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். அவன் மீசை நரைத்தது.

அம்மா படுத்த படுக்கையானது ஒரு மாசி மாதப் பனியில். ரிம்மா வந்து பார்த்தாள். டிராக்டர்காரன் செத்து அவளும் விதவையாகியிருந்தாள். அவன் பெட்டியையும் நைத்யோன்தான் தூக்கினான். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று ரிம்மா கேட்டாள். கிழவி தலையை ஆட்டி மறுத்தாள்.

"சரி, யாரைக் கேட்டு முடிவு பண்றது? உங்க பிள்ளை இவர்தானே?"

பேச முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த மூச்சை எவ்ஸ்தோலியா அதற்காகவே சேர்த்து வைத்தாற்போல் சொன்னாள். "எம்புள்ள இல்ல. கண்டெடுத்தது."

ரிம்மா நைத்யோனைப் பார்க்கவில்லை. பையை மூடினாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவதுபோல வெளியே போனான். தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தது.

இனி ஒன்றுதான் பாக்கி என்று அவனுக்குத் தோன்றியது. இவளும் போய்விட்டால், அவனை எங்கே, யார் போட்டுவிட்டுப் போனார்கள் என்று தெரிந்த கடைசி ஆளும் போய்விடுவாள். அதற்குள் ஒருதரம் கேட்டுவிட வேண்டும். தினமும் காலையில் கேட்க நினைப்பான். தினமும் கஞ்சி ஊட்டிவிட்டு ஆற்றுக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் காற்று கன்றுகளை வரிசையாகச் சாய்த்துவிட்டிருந்தது. நடு ஆற்றில் நின்று ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, அக்கரையில் பேருந்து இறக்கிவிட்டுப் போன ஓர் உருவம் மூட்டை ஏற்றிய சின்னச் சறுக்குவண்டியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தது. கம்பளிச் சால்வைக்குள் ஒரு பெண். அறுபதைத் தாண்டியவள், கன்னம் மட்டும் ஆப்பிள் போலச் சிவந்திருந்தது.

"ஏம்ப்பா, எவ்ஸ்தோலியா வீடு எது? அர்செனி பொண்டாட்டி. ஷிலெகாவுல இருந்து வந்தவங்க. உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேன்."

"எங்க வீடுதான். வாங்க, சறுக்கை நான் இழுக்கறேன்."

"எங்க வீடா? நீ யாரு?"

பெயரைச் சொல்லுமுன் எப்போதும் தயங்குவது போலக் கொஞ்சம் தயங்கினான். "நைத்யோன்."

அவள் கையிலிருந்த கயிறு நழுவி விழுந்தது.

"அடப்பாவி! நீயா? இவ்ளோ பெருசாவா வளர்ந்துட்ட? பாரு, மீசையெல்லாம் நரைச்சுப் போச்சு! டேய், உன்னைக் கண்டெடுத்தவளே நான்தான்டா! ஃபெதோஸ்யா! சொல்லியிருப்பாளே உங்கம்மா, ஃபெதோஸ்யான்னு?"

காலுக்குக் கீழே பனிக்கட்டி திடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் கையிலிருந்த கன்றை ஊன்றிப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருடம் அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் கேட்க முடியாததை, முன்பின் பார்த்திராத இவளிடம் ஒரு மூச்சில் கேட்டுவிட்டான்.

"அக்கா, யாரு என்னை அங்க போட்டுட்டுப் போனாங்க? பாத்தீங்களா?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சால்வை முனையால் கண்ணைத் துடைத்தாள். "யாரு போடுவா? உங்கம்மாதான் போட்டா!"

"எந்த அம்மா?"

"எத்தனை அம்மாடா உனக்கு? எவ்ஸ்தோலியா! வயித்துல இருந்து வந்த ஈரம் காயறதுக்குள்ள ஆட்டுத்தோல்ல சுத்திக் கொண்டுவந்து வேலியோரம் வெச்சுட்டு, நாய் கீய் வந்துடப் போவுதேன்னு குளியல்குடிலுக்குப் பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பாத்துகிட்டே…" அப்போதுதான் அவன் முகத்தை அவள் சரியாகப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. "தம்பி. உனக்குத் தெரியாதா? சொல்லவே இல்லயா அவ?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

அவள் சறுக்கின் மேலிருந்த மூட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காற்று அவள் குரலைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுபோயிற்று.

"உனக்கு முன்னாடி மூணு பையனுங்க. ஒண்ணுகூட தங்கல. தொட்டில் வீட்டைக் கண்டு வெச்சுகிட்டு அது வந்து வந்து எடுத்துட்டுப் போச்சு. அதுன்னா… புரியுதுல்ல, பேரு சொல்லக் கூடாது. அப்போ எங்க ஊருல ஒரு வழி உண்டு. பொறந்த பிள்ளையைத் தூக்கி வெளிய வெச்சுடணும். யாராச்சும் அந்நியர் எடுத்துட்டு வந்து, கதவு வழியா இல்ல, சன்னல் வழியாக் குடுக்கணும். 'பிள்ளை ஒண்ணு கெடக்குது, வேணுமா?'ன்னு சத்தமாக் கேக்கணும். பெத்தவ உள்ள இருந்து, 'எங்களுக்கு என்னத்துக்கு, சரி கெடந்துட்டுப் போவுது'ன்னு சொல்லணும். அது கேட்டுட்டு, இவங்க பிள்ளை இல்ல போலன்னு போயிடும். அதுக்குத்தான் உனக்கு அந்தப் பேரு. நான்தான் வெச்சேன். எனக்கு அப்போ சின்ன வயசு, தண்ணி எடுத்துட்டு வந்தேன். எனக்கு முன்னாடி ஒத்தைக்கண்ணு இபாத் வந்தான். அவன் குனியறதுக்குள்ள உங்கம்மா கல்லை எடுத்து எறிஞ்சு விரட்டிட்டா. நான் ரெண்டு வாளியும் தளும்பத் தளும்ப வந்தேன்ல, நல்ல சகுனம்னு விட்டுட்டா. ஓடு ஓடுன்னு ஓடி, எனக்கு முன்னாடி வீட்டுக்குள்ள போய், ஒண்ணும் தெரியாதவ மாதிரி சன்னலைத் திறக்கறா! மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது."

"அப்புறம் ஏன்," என்றான் நைத்யோன். மறுபடி தொடங்கினான். "அப்புறம் ஏன் ஒருதரம்கூட…"

"எப்படிச் சொல்லுவா? உன் காதுல விழுந்தா அது காதுலயும் விழுமே. அதுக்கு ஒரு முடிவு உண்டு தம்பி. கல்யாணம் ஆகி நீ பொண்டாட்டியோட வாசல்ல வந்து நிக்கணும். பெத்தவ ரொட்டியும் உப்பும் ஏந்திகிட்டு வந்து, 'வா மகனே'ன்னு ஊரு கேக்கக் கூப்பிட்டு, கதவு வழியா உள்ள அழைச்சுக்கணும். அதோட கணக்கு தீந்துச்சு. அதுக்கப்புறம் அதால ஒண்ணும் பண்ண முடியாது." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நீ இன்னும் கட்டிக்கவே இல்லயா?"

அவன் சாய்ந்து கிடந்த அடுத்த கன்றிடம் போனான். அதை நிமிர்த்தி, சுற்றிலும் பனியை மிதித்து இறுக்கினான். நெடுநேரம் மிதித்துக்கொண்டே இருந்தான். உடைந்த தட்டு நினைவுக்கு வந்தது. வாசல்ல நிக்க உனக்கு என்ன கேடு. அவள் அவனை வெளியே தள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டே இத்தனை காலம் அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். உள்ளே அழைப்பதற்கல்லவா அவள் துடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஃபெதோஸ்யாவைக் கண்டதும் எவ்ஸ்தோலியாவுக்கு முகம் மலர்ந்தது. அடுத்த கணமே நைத்யோனைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. மலர்ந்த முகம் சுருங்கியது.

"வாய்க்காரி," என்றாள் ஃபெதோஸ்யாவிடம். "அப்பவே வாய்க்காரி நீ."

"சொல்லாம என்ன பண்ணச் சொல்ற? பிள்ளை நரைச்சுப் போய் நிக்கறான். சொல்லிடு எவ்ஸ்தோலியா. ஒரு வார்த்தைதானே."

"வாயை மூடு!" கிழவியின் கண் சன்னலுக்குப் போய் வந்தது. "அது இப்போ இந்த வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. எனக்காக வந்திருக்கு. இப்பப் போய் சொல்லச் சொல்றியே."

நைத்யோன் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். "அம்மா. எனக்கு வயசாச்சும்மா. இனிமே என்னை எடுத்துட்டுப் போய் அது என்ன பண்ணப் போவுது?"

"உனக்குத் தெரியாது."

"மெதுவாச் சொல்லுங்க. காதுல சொல்லுங்க."

"இவ்ளோ நாள் பல்லைக் கடிச்சுகிட்டு இருந்துட்டேன்," என்றாள் அவள். "கடைசி நேரத்துல விட்டுக் குடுக்க மாட்டேன்."

பிறகு ஃபெதோஸ்யாவிடம் கையைக் காட்டிப் பெட்டகத்தைத் திறக்கச் சொன்னாள். அடியில், நாப்தலின் உருண்டைகளுக்கிடையில், ஒரு நீளத் துண்டு மடித்து வைத்திருந்தது. இரண்டு முனையிலும் சிவப்பு நூலில் சேவல்கள். வாசலில் ரொட்டி ஏந்தும்போது அடியில் விரிக்கிற துண்டு. மடித்த இடம் மஞ்சள் பூத்திருந்தது. அதை வாங்கி அவன் கையில் வைத்தாள். துணியைத் தடவுவது போல அவன் விரல்களையும் தடவினாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபெதோஸ்யா சில நாள் தங்கியிருந்துவிட்டு ஊர் திரும்பினாள். ஆறு இளகிப் பனிப்பாதை மூடப்படுவதற்குச் சற்று முன்னால், பகலில், அவன் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே எவ்ஸ்தோலியா செத்துப்போனாள். கடைசியாக அவள் கூப்பிட்டது நைத்யோன் என்றுதான்.

லீதா நகரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். இடுகாடு அக்கரையில் இருந்ததால் பெட்டி ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். வாசலில் பனியில் ஓடும் இஞ்சின் வண்டியும் அதன் பின்னால் கட்டிய சறுக்கும் தயாராக நின்றன. வீட்டிலிருந்து சறுக்கு வரை தோளில் எடுத்துப் போக வேண்டும். அக்கரை மேட்டில் மறுபடி தோள். பக்கத்து வீட்டு கெராசிம் தலைமாட்டு வலது மூலையைப் பிடித்தான். அவன் கூட்டி வந்த இரண்டு பேர் கால்மாட்டில் நின்றார்கள்.

"வாடா நைத்யோன்," என்றான் கெராசிம். "உன் மூலை உனக்காகக் காத்துகிட்டு இருக்கு."

அவன் சுவரோரம் நின்றான். கையுறையை அன்று அவன் காயப்போடவில்லை.

"நான் தூக்கல."

"ஏன், இடுப்பு பிடிச்சுகிச்சா? ஊரையே தூக்கினவன், ஒரு கிழவிக்கு மூச்சு வாங்குதா?"

"தூக்கக் கூடாது."

"உனக்கு என்னடா கூடாது? உனக்கு ஆகாத பொணம்னு ஒண்ணு இருக்கா இந்த ஊருல?"

கால்மாட்டில் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். நைத்யோனும் சேர்ந்து சிரித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தையை அவன் ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை; அது எப்படி ஒலிக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"இவங்க பெத்த பிள்ளை நான்," என்றான்.

வெளியே பனி வண்டியின் இஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. கெராசிம் லீதாவைப் பார்த்தான். லீதா அண்ணனைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சாட்சி சொல்ல ஃபெதோஸ்யாவும் அங்கே இல்லை.

"துக்கத்துல உளறாதடா," என்றான் கெராசிம், இந்தமுறை குரலைத் தாழ்த்தி. "கிழவியே வாய் நிறையச் சொல்லுமே, கண்டெடுத்ததுன்னு. யாரு சொன்னா உனக்கு?"

விளக்கிச் சொன்னால் அவர்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். அம்மா அந்தக் கதையை ஊருக்குச் சொல்லவில்லை. அவனும் சொல்வதாக இல்லை.

கதவருகே நின்றிருந்த பெண்களிடையிலிருந்து ரிம்மா முன்னால் வந்தாள். சால்வையைக் கழுத்தில் இறுக்கி முடிந்துகொண்டு இடது மூலைக்குப் போய்க் கை வைத்தாள்.

"பொம்பளை தூக்கறதாவது," என்றான் கெராசிம்.

"பேசிகிட்டே நில்லு. ஆறு இளகிடும். நான் இவங்களுக்கு ரத்தமும் இல்ல, மருமகளும் இல்ல. நான் தூக்கலாம்." நைத்யோன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "ம், தூக்கு."

பெட்டி வாசலைக் கடந்தது. கெராசிமின் பேரன் முன்னால் ஓடி ஊசியிலைக் கிளைகளைப் போட்டுக்கொண்டே போனான். பனி வண்டி மெல்ல நகர்ந்தது. நைத்யோன் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றான். லீதா தயங்கினாள். கொஞ்ச தூரம் போனதும், ஏதோ தீர்மானித்தவள் போல அரையடி பின்வாங்கி, "நீ முன்னாடி போண்ணா. மூத்தவன்" என்றாள். நம்பிச் சொன்னாளா, இரக்கப்பட்டுச் சொன்னாளா, அவனுக்குத் தெரியவில்லை.

அவன் நட்ட கன்றுகள் இரண்டு பக்கமும் வந்துகொண்டிருந்தன. பனிக்கட்டியின் மேல் மெல்லிய தண்ணீர் ஏறியிருந்தது. கைகளை என்ன செய்வது என்று அவனுக்குப் புரியவில்லை. எப்போதும் பெட்டியின் விளிம்பு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. கோட்டுப் பையில் விட்டான், எடுத்தான், பின்னால் கட்டினான். பெற்ற பிள்ளைகள் இப்படித்தான் நடப்பார்கள் போல. எத்தனையோ பேரை அவன் தூக்கிப் போயிருந்தும், பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

நடு ஆற்றில்தான் அது அவனுக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்க, செத்துப்போகும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காத்ததை, ஊர் கேட்க ஒரே மூச்சில் அவன் உடைத்துவிட்டான். இவன் எங்கள் பிள்ளை இல்லை என்று அவள் விடாமல் சொல்லி வந்தது இன்று காலையோடு செல்லாமல் போயிற்று. அவளுக்கு அவன் செய்தது நன்றியா, துரோகமா? கேட்கலாம் என்றால் பெட்டி மூடியிருந்தது.

முன்னால் போகும் சறுக்கின் மேல் ஏதோ உட்கார்ந்துகொண்டு, பெட்டிக்குப் பின்னால் வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதாக அவனுக்குத் தோன்றியது. லீதாவைப் பார்த்துவிட்டு அவனிடம் வந்து நிற்கிறது. இவன் யார் என்று யோசிக்கிறது. பயம். பெற்ற பிள்ளைகளுக்கு உண்டான அந்தப் பயம், வாழ்நாளில் முதன்முதலாக அவனுக்கும் உரியதாக இருந்தது.

யார் வீட்டுப் பிள்ளையோ போல முன்னால் போய்க் கிளை போடலாம். இப்போதும் போகலாம். அவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றி, நரைத்த தலையோடு, முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.